பின்னால் ஓடிய டிரம் வண்டி

ஒரே பட்டறைக்குள் இரண்டு பேர் ஏழு மாதம் பேசிக்கொள்ளாமல் வேலை பார்ப்பதென்றால் நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அவள்தான். பேசாத இருவரில் ஒருவர் அவள் கணவர். இன்னொருவன் கூடப்பிறந்த தம்பி.

பட்டறையை நீளவாக்கில் பாதியாகப் பிரித்து ஒரு நீலத் தார்ப்பாய் தொங்கியது. அந்தப் பக்கம் வெல்டிங் பொறியும் இரும்பு வாடையும், இந்தப் பக்கம் மண்ணெண்ணெயும் கிரீஸும். வாசலிலிருந்து கிளம்பிய தார்ப்பாய் பின்சுவருக்கு ஆறடி முன்னால் நின்றுவிடும். அங்கேதான் அவளுடைய தையல் மெஷின் இருந்தது. முதுகுக்குப் பின்னால் ஸ்பான்ஜ் பலகைகள் கழுத்துயரத்துக்கு அடுக்கியிருக்கும். மோட்டார் சைக்கிளுக்கு சீட் தைப்பது அவள் தொழில். இரண்டு பக்கத்து வண்டிகளுக்கும் அவள் தைத்த சீட்தான், இரண்டு பக்கத்துப் பேச்சுக்கும் அவள் வாய்தான்.

கணவர் வெல்டர். பழைய வண்டிகளை வெட்டி, ஒட்டி, பெற்ற கம்பெனிக்கே அடையாளம் தெரியாதபடி ஆக்கிவிடுவார். படுத்துக்கொண்டே ஓட்டுகிற வண்டி செய்தார். பெயின்டர் ஒருவருக்கு ஏணியோடு சேர்ந்து பிறந்த மாதிரி ஒரு வண்டி செய்தார். பால் கேன் பெட்ரோல் டேங்காகும், மேசை விசிறியின் கூண்டு ஹெட்லைட்டாகும். கையில் கிரைண்டர் இல்லாமல் அவரைப் பார்ப்பது கஷ்டம் என்பதால் தெருவே அவரை ‘அறுவை’ என்று அழைத்தது. அவரும் அதற்குத் திரும்பிப் பார்ப்பார்.

தம்பி நேர் எதிர். அறுபது வருஷத்துக்கு முந்திய வண்டி என்றால் அது கம்பெனி வாசலைத் தாண்டிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே திரும்ப வர வேண்டும் அவனுக்கு. திருகாணி கூட அந்தக் காலத்துத் திருகாணியாக இருக்க வேண்டும். ஹாரனுக்கு ஒரு ரப்பர் கிடைக்கவில்லை என்று ஒரு வண்டியை எட்டு மாதம் ஊமையாக நிறுத்திவைத்தவன். அவன் பெயர் ‘ஒரிஜினல்’.

இப்படி இரண்டு பேரை ஒரு கூரைக்குக் கீழே வைத்தால் என்றைக்காவது தீப்பிடிக்கும். பிடித்தது. தம்பி பதினான்கு மாதம் தேடிக் கண்டுபிடித்த முன்சக்கர மட்கார்டு ஒன்றைச் செய்தித்தாளில் சுற்றி மூலையில் வைத்திருந்தான். அதற்குப் பக்கத்திலேயே கணவரின் பழைய இரும்புக் குவியல். அவர் எதையோ தேடப்போய், அதைப் பிரித்துப் பார்த்து, வளைவு நன்றாக இருக்கிறதே என்று குறுக்கே அறுத்துவிட்டார். ஒரு பாதி புது வண்டியின் வாலாகிவிட்டது. மறுபாதி தரையில் கிடந்ததைத்தான் தம்பி முதலில் பார்த்தான்.

வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே அவரைக் கசாப்புக்காரன் என்றான். அவர் விடுவாரா? “பொணத்துக்குப் பவுடர் பூசறவன் பேசறான் பாரு” என்றார். இரண்டும் போய்த் தைக்க வேண்டிய இடத்தில் தைத்தன. மறுநாள் தார்ப்பாய் வந்தது. தொங்கவிட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. ஆளுக்கொரு நுனியைப் பிடித்திருப்பார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றும்.

முதலில் சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒன்றரை நாளில் ஒரு ஸ்பேனர் பறந்தது. அதற்குப் பிறகு, பாகற்காயில் விதையெடுப்பதுபோல, வசவை மட்டும் வழியில் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சேர்த்தாள். ஆனால் வசவை எடுத்தால் சில நாள் மிச்சமே இருக்காது. வெறுங்கையோடு போய் எப்படி நிற்பது? தானாக நாலு வார்த்தை சேர்க்கத் தொடங்கினாள். “உங்க வெல்டிங் எறும்பு வரிசை மாதிரி சீரா இருக்குன்னு சொன்னான்” என்று கணவரிடம் ஒரு நாள் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தால், மனிதர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தன் வெல்டிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியிடம், “உன் கை பட்டா செத்த இன்ஜினும் இருமிக்கிட்டு எழுந்து உக்காருமாம், மாமா சொன்னார்” என்றாள். அவன் மூக்கால் ஒரு சத்தம் போட்டான். ஆனால் அன்று மாலைவரை விசிலடித்துக்கொண்டு வேலை பார்த்தான்.

பொய்தான். ஆனால் இரண்டு பேரும் அதைத் தின்று கொஞ்சம் தெம்பாக இருந்தார்கள். அவளுக்கு அது போதும்.

அது போதவில்லை என்று ஒரு நாள் தெரிந்தது. தம்பி அவளிடம் மட்டும் சொன்னான்: சரக்குக் கிடங்குகள் இருக்கிற தெருவில் ஓர் இடம் பார்த்திருக்கிறான், சாவியும் வாங்கிவிட்டான், அடுத்த மாதக் கடைசியில் போய்விடுவான். “அந்த ஆளுகிட்ட நீ சொல்ல வேணாம். காலியான பிறகு அவரே பார்த்துக்கட்டும்.”

முதன்முறையாக அவள் ஒரு சேதியை முழுசாகவே விழுங்கினாள். அன்று இரவு கணவர் கேட்டார், ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று. பல்வலி என்றாள்.

அந்த வாரத்தில்தான் டிரம்காரர் வந்தார். நகர பேண்டில் பெரிய டிரம் அடிப்பவர். பீப்பாய் போல உடம்பு, ஆனால் முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், பாரம் தூக்கி நடக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பேண்டுக்கு நாற்பது வயதாகிறது, ஊர்வலம் வருகிறது. ஊர்வலம் முடிகிற இடத்தில் அவருக்கு ஒரு நாற்காலி போடுவதாக மற்றவர்கள் சொன்னார்களாம். “நாற்காலில உக்காந்து அடிக்கறதுக்கு நான் என்ன கல்யாண வீட்டுக்கு வந்தவனா? டிரம் முன்னால போகணும்மா” என்றார். பேண்டின் சாமான் அறையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. உடைந்த ஸ்டாண்டுகளுக்கு அடியில் இன்ஜினும் ஹேண்டில்பாரும் மட்டும் மிஞ்சிக் கிடந்தன. அதை உயிர்ப்பித்து, பக்கத்தில் ஒரு தொட்டி வைத்து, அதில் அவரையும் டிரம்மையும் வைக்க முடியுமா?

இன்ஜின் என்றால் தம்பி. சட்டமும் தொட்டியும் என்றால் கணவர். இரண்டு பேரும் தொட்டால்தான் இந்த வண்டி வண்டியாகும். அவள் யாரையும் கேட்காமல், முடியும் என்று சொல்லிவிட்டாள். இந்த ஒன்று ஒழுங்காகச் சேர்ந்து ஓடிவிட்டால் சாவி திரும்பிப் போய்விடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. எதை வைத்து என்று கேட்டால் பதில் கிடையாது.

தம்பி இருபது நாளில் இன்ஜினைப் பிரித்து, கழுவி, கோத்து, ஸ்டாண்டில் வைத்து ஓட்டிக் காட்டினான். கணவர் ஓர் ஓட்டலை இடித்த இடத்திலிருந்து எனாமல் பூசிய குளியல் தொட்டியைத் தூக்கி வந்து, குறுக்கே அறுத்து, சக்கரம் வைத்து, தான் புதிதாக ஒட்டிய சட்டத்தின் இடதுபக்கம் கோத்துவிட்டார். தொட்டியின் சோப்பு வைக்கிற குழியை அப்படியே விட்டிருந்தார், டிரம் குச்சி வைக்கலாமே என்று. அவள் உள்ளே மெத்தை தைத்தாள், சிவப்பு ரெக்சினில், பொத்தான் வைத்து.

பிறகு தம்பி வேறொரு வண்டியின் கார்புரேட்டரைத் தேடி எட்டு நாள் வெளியூர் கிளம்பினான். தோளில் பையோடு, பஸ்ஸுக்கு நேரமாகிற அவசரத்தில், அவள் வாயில் நாலு குண்டூசியைக் கவ்விக்கொண்டு மூலை மடித்துக்கொண்டிருக்கையில், சேதியைக் கொட்டினான்.

“அக்கா, அந்த ஆளுகிட்ட சொல்லிடு. எல்லா வண்டியையும் ஒரே அச்சுல போட்டு நசுக்கற புத்தியை இதுல காட்ட வேணாம். சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு தெரியாத மனுஷன். கண்ணை மூடிக்கிட்டு செயினை இடதுபக்கமே போடுவார். இது வலதுபக்கம். மறந்துடுவார்னா உள்ளங்கையில எழுதிக்கச் சொல்லு, எழுதத் தெரிஞ்சா.”

அவள் தலையை ஆட்டினாள். அவன் தெருமுனை திரும்புவதற்குள் சேதியைச் சலித்துப் பார்த்தாள். அச்சில் போட்டு நசுக்குவது, வசவு. சோத்துக்கை பீச்சாங்கை, வசவு. எழுதத் தெரிந்தால், சுத்தமான வசவு. வசவோடு வசவாகச் செயினும் கூடைக்குப் போய்விட்டது. சாயங்காலம் கணவரிடம் போய் நின்றபோது கையில் ஒன்றும் இல்லை. எனவே சொன்னாள்: “இன்ஜின் ரெடியாம். இனிமே நீங்க பார்த்துப் பொருத்திடுவீங்களாம். உங்க கையில விட்டுட்டுப் போறதால கவலையே இல்லைன்னான்.”

“அப்படியா சொன்னான்?” என்றார். இரண்டாவது தடவையும் கேட்டார். பிறகு போய், சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, அந்த இன்ஜினைத் தொட்டார். இரும்பைத் தொடுவதற்கு முன்னால் அவர் கை கழுவி அவள் பார்த்ததே இல்லை.

பொருத்தும்போதுதான் அவருக்குத் தெரிந்தது, சட்டத்தில் பின்சக்கரத்தின் செயின் பற்சக்கரம் இடதுபக்கம் இருக்கிறது, இன்ஜினில் வலதுபக்கம் வருகிறது. நம்பி விட்டுவிட்டுப் போனவனை என்னவென்று கேட்பது? இரண்டு நாள் சுற்றிச்சுற்றி வந்தார். மூன்றாம் நாள் முகம் மலர்ந்துவிட்டது. இன்ஜினை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டார். செயின் இடதுபக்கம் வந்து பல்லோடு பல்லாக உட்கார்ந்தது. கார்புரேட்டர் முன்னால் காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது. கிக்கர் வலதுபக்கம் வந்து, முன்னோக்கி மிதிக்கிற மாதிரி ஆயிற்று. கியருக்கு நீளமாக ஒரு கம்பி கொடுத்தார். உலகத்தில் எந்த வண்டியும் இப்படி இருந்ததில்லை என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளுக்கும் அழகாகத்தான் தெரிந்தது. வெல்டருக்கு இன்ஜின் எந்தப் பக்கம் சுற்றும் என்ற யோசனை வரவில்லை. சீட் தைக்கிறவளுக்கு எங்கிருந்து வரும்?

ஊர்வலத்துக்கு மூன்று நாள் முன்பு, காலை பத்து மணிக்கு, வெள்ளோட்டம். வண்டி வாசலைப் பார்த்து நின்றது, ஒரு பழைய போர்வைக்குக் கீழே. டிரம்காரர் தன் டிரம்மோடும், பேண்டின் குழல்காரர் இருவரோடும் வந்திருந்தார். தம்பி அப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்கி, பையைக்கூட இறக்காமல், தன் பக்கத்துத் தார்ப்பாய் ஓரமாக வந்து நின்றான். சட்டைப்பையில் புது இடத்துச் சாவி துருத்திக்கொண்டிருந்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரம்காரரைத் தொட்டியில் ஏற்றி, டிரம்மை வாரில் பூட்டி, போர்வையை இழுத்தார் கணவர். தம்பியின் கண் இன்ஜினுக்குப் போயிற்று. வாயைத் திறந்தான். அதற்குள் கணவர் ஒரு மிதி மிதித்துவிட்டார். முதல் மிதியிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது, அவ்வளவு நன்றாகச் செய்திருந்தான் அதைச் செய்தவன். குழல்காரர்கள் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் தம்பி கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. கணவர் மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, முதல் கியரைப் போட்டு, கிளட்ச்சை விட்டார்.

வண்டி பின்னால் கிளம்பியது.

வாசலைப் பார்த்த முகம் வாசலைப் பார்த்தபடியே இருக்க, கணவர் கண்ணுக்கு எதிரே வாசல் சின்னதாகிக்கொண்டே போயிற்று. பதற்றத்தில் பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை முறுக்கினார். வண்டி கோணலாகத் திரும்பி, தார்ப்பாயில் புகுந்து, அதைக் கூரைக் கொக்கியோடு பிய்த்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு, அவள் விலகி ஓடிய இடத்தின் வழியாகப் போய், ஸ்பான்ஜ் அடுக்கில் மெத்தென்று முட்டி நின்று, அணைந்தது. டிரம்காரர் பயத்தில் ஒரே ஒரு அடி அடித்திருந்தார். அது இன்னும் கூரைத் தகரத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது.

ஸ்பான்ஜுக்கு நடுவிலிருந்து அவர் தலை மட்டும் தெரிந்தது. “நான் இறங்கலாமா,” என்று நிதானமாகக் கேட்டார், “இல்ல, இன்னும் போகுமா?”

யாருக்கும் அடி இல்லை. கணவர் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். தம்பி எதிரே நின்றான். ஏழு மாதத்தில் முதன்முறையாக இருவரும் நேருக்கு நேர். ஆனாலும் பழக்கம் விடவில்லை. தம்பி அவள் பக்கம் திரும்பினான்.

“அக்கா, கேளு அந்த ஆள. செயின் வலதுபக்கம்னு தெளிவாச் சொல்லிட்டுத்தானே போனேன்? வேணும்னே என் இன்ஜினைத் திருப்பி வச்சு என்னை நாலு பேர் முன்னால அசிங்கப்படுத்தியிருக்கார். இதுக்கு மேல ஒரு நாள்கூட இங்க இருக்க மாட்டேன்.”

கணவரும் அவள் பக்கமே திரும்பினார். “உன் தம்பி எனக்கு அப்படி ஒரு சேதியும் சொல்லலைன்னு சொல்லு. நம்பி ஒப்படைச்சுட்டுப் போறேன்னுதானே சொன்னான்? இப்ப பிளேட்டை மாத்தறான்னு சொல்லு.”

“நம்பியா? நானா?” என்றான் தம்பி.

இருவரும் அவளையே பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டால் ஆளுக்கு ஆள் மற்றவனைப் பொய்யன் என்று நினைத்துக்கொள்வார்கள். அத்தோடு சாவி போய் ஒரு பூட்டில் நுழைந்துவிடும். திறந்தாலோ, ஏழு மாதமாக அவள் ஊட்டிய ஒவ்வொரு பாராட்டும் வெளியே வந்து விழும். ஒருவனும் ஒருவனைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது இருவருக்கும் தெரிந்துவிடும்.

“செயின் சேதி என்கிட்டதான் இருக்கு,” என்றாள்.

“அப்படின்னா?”

“தம்பி சொன்னான். வசவுக்கு நடுவுல சொன்னான். வசவை எடுக்கும்போது அதுவும் சேர்ந்து போயிடுச்சு.”

கணவர் மெதுவாகக் கேட்டார். “வசவை எடுக்கறதா? எத்தனை நாளா எடுக்கறே?”

“ஏழு மாசமா.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும். ரெண்டு பக்கமும்.”

தம்பி பையைக் கீழே வைத்தான். “இரு, இரு. என் கை பட்டா செத்த இன்ஜின் இருமிக்கிட்டு எழுந்துக்கும்னு அவர் சொன்னது?”

“அவர் சொல்லல.”

“பின்ன என்ன சொன்னார்?”

அவள் கணவரைப் பார்த்தாள். அவர் தார்ப்பாயைப் பார்த்தார். “அன்னிக்கு அவர் சொன்னது,” என்றாள், “நீ ஒரு இன்ஜினைப் பூட்டறதுக்குள்ள எருமைமாடு ரெண்டு கன்னு போட்டுடும்னு.”

முதலில் சிரித்தது டிரம்காரர். தொட்டிக்குள் அவர் குலுங்கியதில் டிரம்மும் சேர்ந்து உறுமியது. குழல்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தம்பிக்கு உதடு துடித்தது. கோபமா, சிரிப்பா என்று அவனுக்கே தெரியவில்லை. கடைசியில் அது சிரிப்பாகத்தான் வந்தது, மூக்கு வழியாக, அடக்க அடக்க.

கணவர் மட்டும் சிரிக்கவில்லை. “அப்ப அந்த எறும்பு வரிசை?” என்றார்.

அவளுக்கு அந்தக் குரலைத் தாங்க முடியவில்லை. “அதுவும் நான்தாங்க.”

“ஓ,” என்றார். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார், அழுக்கே இல்லாத கையை.

தம்பி அவரைப் பார்த்தான். பிறகு ஸ்பான்ஜைத் தள்ளிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தான். தொட்டியும் சட்டமும் சேருகிற இடத்தில் கட்டைவிரலை வைத்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இழுத்துப் பார்த்தான். அவசரப்படவில்லை.

“எறும்புகூட நடுவுல நின்னு பேசும்,” என்றான், நிமிராமலே. “இது நிக்கல, மாமா.”

ஏழு மாதத்துக்கு அப்புறம் வந்த முதல் மாமா. “இன்ஜின் ஒரே மிதியில பிடிச்சுதுடா மாப்ள,” என்றார் கணவர். அவ்வளவுதான். தோளில் கை போடவில்லை, கண்ணீர் விடவில்லை. இரண்டு பேரும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்து, எதை வெட்டுவது, எதைக் காப்பாற்றுவது என்று பேச ஆரம்பித்தார்கள். டிரம்காரரைத் தொட்டியிலிருந்து இறக்க வேண்டும் என்ற ஞாபகம் கால்மணி நேரம் கழித்துத்தான் வந்தது.

கணவர் இப்போது இல்லை. அந்த வண்டி இருக்கிறது. டயர் மாற்ற அது பட்டறைக்கு வரும்போதெல்லாம் தம்பி குனிந்து அதே இடத்தில் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பான். அவன் நிமிர்கிறவரை அவள் தையல் மெஷினை மிதிக்க மாட்டாள்.

ஆனால் அன்றைக்கு மூன்று நாளில் ஊர்வலம். இன்ஜினைப் பழையபடி திருப்பினால் செயின் வலதுபக்கம் வரும். அப்படியானால் வலதுபக்கம் பல் வைத்த பின்சக்கரம் வேண்டும். அந்த நகரத்திலேயே அப்படி ஒரு சக்கரம் எங்கே இருக்கிறதென்று மூன்று பேருக்கும் தெரியும். தம்பியின் பக்கத்துச் சுவரில், ஆணியில், எண்ணெய் பூசி, துணி சுற்றித் தொங்கியது. அவன் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவந்த சொந்த வண்டிக்கு வைத்திருந்தது. அதன் கம்பி ஒவ்வொன்றும் அந்தக் காலத்துக் கம்பி.

கணவர் அதற்குக் கீழே போய் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்த மனிதர் ஓர் இரும்புக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பார்க்க வேண்டிய காட்சி.

“மாப்ள, இதை எடுத்துக்கலாமா?”

அந்தக் கேள்வியை ஏழு மாதத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும் என்பது அவர் முகத்தில் இருந்தது. தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சக்கரத்தைத் தானே இறக்கி, துணியைப் பிரித்து, அவர் கையில் கொடுத்தான்.

“கேட்டீங்க இல்ல,” என்றான். “அறுக்க மட்டும் கூடாது.”

“சத்தியமா அறுக்க மாட்டேன்டா.”

“ஓட்டைகூடப் போடக்கூடாது.”

“ஒரு சின்ன ஓட்டை?”

“மாமா.”

“சரி, சரி.”

சட்டத்தின் வலதுபக்கத்தை அவர் அறுத்து வளைத்தார். அவன் பக்கத்திலேயே நின்று, நூல் பிடித்து, அரை நூலளவு கூடக் கூடாது, குறையக் கூடாது என்று உயிரை வாங்கினான். கிரைண்டர் சத்தத்துக்கு மேலே இருவரும் கத்திப் பேசினார்கள். சக்கரத்தைப் பற்றி, செயினைப் பற்றி, எருமைமாட்டைப் பற்றி. அந்த ஏழு மாதத்தில் உண்மையில் யார் என்ன சொன்னார்கள் என்று அவளைக் கூப்பிட்டு வரிசையாகக் கேட்டார்கள். அவளும் ஞாபகத்திலிருந்து எடுத்து எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு வசவுக்கும் திட்டு வாங்கியவனே முதலில் சிரித்தான். ‘அவர் பல் விளக்கினால் பற்பசைக்கும் துரு பிடிக்கும்’ என்று தம்பி சொல்லியிருந்ததைக் கேட்டுக் கணவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு நல்ல சரக்கையெல்லாம் தனக்குக் கொடுக்காமல் ஒளித்துவைத்தாயே என்று அவள்மேல்தான் இருவருக்கும் கோபம்.

கடைசி நாள் மத்தியானம் டிரம்காரர் ஒரு மண்ணெண்ணெய் டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்துகொண்டார். பேண்டு எந்த வேகத்தில் நடக்குமோ அந்த வேகத்தில் முழங்காலில் தட்டினார். தம்பி கார்புரேட்டரின் திருகைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று திருப்பினான். ஒற்றை சிலிண்டர் இன்ஜின் மூச்சைக் குறைத்து, குறைத்து, இப்போது நின்றுவிடும் என்கிற இடத்தில் வந்து நிலைத்தது. அது இரண்டு முறை துடிக்க, டிரம்காரர் ஒரு முறை தட்டினார். கொஞ்ச நேரத்தில் யார் யாரைப் பார்த்துத் தாளம் போடுகிறார்கள் என்று பிரிக்க முடியாமல் போயிற்று. கணவர் வெல்டிங் குழாயைப் பிடித்தபடி காலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார். அவளும் தன்னையறியாமல் அதே தாளத்துக்குத் தையல் மிதித்திருக்கிறாள். தைத்து முடித்த பிறகு பார்த்தால், அந்த வரிசையில் மட்டும் தையல் அத்தனை சமமாக விழுந்திருந்தது.

மாலையில் தம்பி அவளிடம் வந்து சாவியை நீட்டினான். அந்த இடத்துக்காரரிடம் கொடுத்துவிடச் சொன்னான்.

“நீயே கொடுத்துட்டு வா,” என்றாள். “இனிமே நான் எதையும் கொண்டுபோய்க் கொடுக்கறதா இல்ல.”

மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. ஜன்னல்களிலும் மாடிகளிலும் ஆட்கள். அவள் நடைபாதை ஓரமாக இடம்பிடித்து நின்றாள். முதலில் சத்தம்தான் வந்தது. இன்ஜினின் துடிப்பு இரண்டு, டிரம்மின் அடி ஒன்று, மறுபடி இரண்டு, ஒன்று. பிறகு முனை திரும்பி அந்த வண்டி வந்தது. குளியல் தொட்டிக்குள் சிவப்பு மெத்தையில் ராஜா மாதிரி டிரம்காரர், நிமிர்ந்த முதுகு, வெள்ளைக் கையுறை. தெருவில் ஒரு சிரிப்பு எழுந்தது. அவர் அடிக்க அடிக்க அது கைதட்டலாக மாறியது. குழந்தைகள் கூடவே ஓடினார்கள். பின்னால் பேண்டு முழுவதும் அந்த இன்ஜினின் அடிக்கு அடி எடுத்துவைத்து வந்தது. ஓர் ஆள்கூடக் கால் தப்பவில்லை.

வண்டியை ஓட்டியது கணவர். தம்பி வலதுபக்கமாக, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக, கூடவே நடந்து வந்தான். இருவருக்கும் ஊர்வலமோ கைதட்டலோ காதில் விழவில்லை. கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர் ஒரு கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுத்து ஆட்டினார். அவன் ஸ்க்ரூ டிரைவரால் இன்ஜினைச் சுட்டிக் காட்டி என்னவோ கத்தினான். அவர் அதற்கு ஒரு முகம் காட்டினார். அவளைத் தாண்டிப் போனார்கள். இரண்டு பேரில் ஒருவர்கூட அவள் நிற்கும் பக்கம் திரும்பவில்லை.

பக்கத்தில் குழந்தையோடு நின்ற பெண் அவள் முழங்கையைத் தொட்டாள். “அந்த ரெண்டு பேரும் எதுக்குங்க இப்படிச் சண்டை போட்டுக்கிட்டுப் போறாங்க?”

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“எனக்கெப்படித் தெரியும்?” என்றாள். “என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையே.”